பிள்ளைக்குக் காடி நம்பர்

ஜேடன் வலைக் கூண்டின் உச்சியில் இருந்தான். அவனுடைய அப்பா ராஃபேல் வேலிக்கு வெளியே நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு போர்டு இருந்தது.

போர்டின் மேல்பாதியில், "பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பெற்றோரே பொறுப்பு" என்று சிவப்பு எழுத்து. கீழ்ப்பாதியில், அதைவிடப் பெரிய எழுத்தில், "பெரியவர்கள் உள்ளே வரக்கூடாது."

ராஃபேல் இரண்டையும் இரண்டு முறை படித்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவர். எழுதிப் போட்டிருப்பதற்கு மரியாதை கொடுத்தே பழகியவர்.

"அப்பா, எறங்கத் தெரியல!" என்றான் ஜேடன் மேலிருந்து. ஐந்து வயது. ஏறத் தெரிந்து, இறங்கத் தெரியாத வயது.

ராஃபேல் கல்லாவில் இருந்த புஷ்பவள்ளியிடம் ஓடினார். கோல சிலாங்கூரில், பாசிர் பெனம்பாங் பாலத்துக்குப் போகிற வழியில், முன்பு கட்டில் மேசை விற்ற கடையை வாழையிலைச் சாப்பாட்டுக் கடையாக்கியவர் அந்த அம்மாள். மூலையில் பிள்ளைகளுக்கு ஒரு வலைக் கூண்டு, ஒரு சறுக்கு, ஒரு பந்துக் குளம் வைத்த பிறகுதான் கடைக்குக் கூட்டம் வந்தது. மீன்தலைக் கறிக்காக வந்தது என்று அவர் சொல்லிக்கொள்வார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

"அக்கா, பொறுப்பு என்னுதுன்னு போட்டிருக்கு. உள்ள வராதேன்னும் போட்டிருக்கு. நான் எங்க நின்னு பொறுப்பா இருக்கறது?"

"மேல உள்ளது லோயரு எழுதிக் குடுத்தது தம்பி. கீழ உள்ளது நான் எழுதினது. போன மாசம் ஒரு அண்ணன் சறுக்குல ஏறி மாட்டிக்கிட்டாரு. எண்ண ஊத்தித்தான் எடுத்தோம்."

"இப்ப என் பையன் மேல மாட்டிக்கிட்டான்."

"அப்பிடின்னா ஸ்டோக்கின் போட்டுக்கிட்டுப் போங்க. ஸ்டோக்கின் போட்டா பெரியவங்க கணக்குல வராது."

ராஃபேல் செருப்போடு வந்திருந்தார். கல்லாவில் பெரியவர்களுக்கான ஸ்டோக்கின் காலுறை தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஜோடி. ரோஸ் நிறம், விரல் நுனியில் முயல் காது, ஆறு வயதுக்குள் உள்ளவர்களுக்கு. ராஃபேலின் பாதத்தில் அது பாதிவரைதான் ஏறியது. மீதிப் பாதம் வெளியே இருக்க, இரண்டு முயல்களை முன்னே விட்டு அவர் உள்ளே நடந்தார்.

சாதாரண நாளாக இருந்தால் ராஃபேல் இவ்வளவு தூரம் போயிருக்கமாட்டார். கீழே நின்றபடியே "அப்பிடியே எறங்கு, எறங்கு" என்று கையாட்டிவிட்டு, தே தாரேக் தேநீர் ஆறிவிடும் என்று திரும்பியிருப்பார். ஆனால் இன்றைக்கு அப்படி முடியாது. ஏன் முடியாது என்பது எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். தெரியாத இரண்டொருவருக்கும் நாங்களே சொல்லிவிட்டோம்.

ராஃபேலின் மனைவி மவுரீன் ஆஸ்பத்திரியில் தாதி. பிள்ளைகள் வார்டில் பெரிய பொறுப்புக்கு வர வேண்டும் என்றால் கோலாலம்பூரில் மூன்று மாதம் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். போன வருஷமே கூப்பிட்டார்கள். ஜேடனை யாரிடம் விடுவது என்று மவுரீன் வேண்டாம் என்றுவிட்டாள். "நான் இருக்கேன்ல" என்று ராஃபேல் சொன்னாராம். அதைக் கேட்ட பிறகுதான் அவள் முடிவாக வேண்டாம் என்றாளாம்.

அதற்கும் காரணம் உண்டு. ஒரே வருஷத்தில் ஜேடனின் நெற்றி மூன்று முறை வீங்கியது. மூன்று முறையும் ராஃபேல் பக்கத்தில்தான் இருந்தார். மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "அது தானா விழுந்துச்சு."

இந்த வருஷம் மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பயிற்சி தொடக்கம். இன்று சாயங்காலத்துக்குள் மேட்ரனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று மவுரீன் சொல்லியிருந்தாள். ராஃபேலுக்கு அவள் போக வேண்டும் என்று மெய்யாகவே ஆசை. போன வருஷம் வேண்டாம் என்று சொன்ன பிறகு ஒரு மாதம் அவள் வீட்டில் பாட்டே பாடவில்லை. அதை அவர் கவனித்திருந்தார். அவர் கவனித்த அபூர்வமான விஷயங்களில் அது ஒன்று.

காலையில் வேலைக்குப் போகும்போது மவுரீன் சொன்னது இதுதான்: "அண்ணன் மக அலீசியா பொறந்தநாளு புஷ்பவள்ளிக்கா கடையில. நீங்களே பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஷிப்ட் முடிஞ்சு ரெண்டரைக்கு நான் என்கூட வேலை செய்யற துளசியோட காடியில வந்துருவேன். அதுவரைக்கும் நீங்கதான். அவன் நெத்தியில பட்டாணி அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தாலும் மேட்ரனுக்கு 'வரல'ன்னு அடிச்சிருவேன்."

இப்போது மணி பன்னிரண்டே முக்கால். ராஃபேல் முயல் காதுகளோடு வலையில் ஏறி, ஜேடனை இடுப்பில் அணைத்து, ஒரு வீக்கமும் இல்லாமல் இறக்கிவிட்டார். அதோடு அவர் வெளியே வந்திருக்கலாம்.

வெளியே வரத் திரும்பும்போது, புள்ளிப் பாவாடை போட்ட ஒரு சின்னப் பெண் சறுக்கில் தலைகீழாக ஏறிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து ஒரு தடியன் சறுக்கத் தயாராக இருந்தான்.

"ஏய் பாப்பா, எறங்கு! படியில போயி ஏறணும்!" என்றார் ராஃபேல்.

பாப்பா இறங்கிவிட்டாள். அதுதான் வினை. நம் ஆட்களிடம் ஊரான் பிள்ளையை ஒரு தடவை அதட்டிவிட்டால் போதும். அந்த நிமிஷமே நீங்கள் மாமா. அப்புறம் மாமாவின் வேலை எல்லாம் உங்கள் வேலை.

வேலிக்கு அப்பால் நின்றிருந்த பாப்பாவின் அம்மா திலகா அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அண்ணே, கொஞ்சம் பாத்துக்குங்க லா. எலையில சோறு போட்டுட்டாங்க. அஞ்சே நிமிசம்."

"இல்லம்மா, நான் வந்து..."

திலகா போய்விட்டாள். அவளைப் பார்த்து இன்னொரு அம்மா போனாள். அவளைப் பார்த்து ஒரு தம்பதி. பிறகு பிறந்தநாளுக்கே வராத ஒரு குடும்பம், தப்பாவ் பொட்டலம் கட்டி வாங்க வந்தவர்கள், வேலிக்கு மேலாக ஒரு பையனைத் தூக்கி உள்ளே இறக்கினார்கள்.

"அங்கிள், நாங்க மெலாவாத்தி மலைக்குக் கொரங்கு பாக்கப் போறோம். இவன் கொரங்கு வேணாங்கிறான். இங்கயே இருக்கட்டும்."

"ஐயா, நான் இந்தக் கடை ஆள் இல்ல!"

"பரவால்ல அங்கிள், நல்லாத்தான் பாத்துக்கறீங்க."

பத்து நிமிஷத்தில் உள்ளே பதினான்கு பிள்ளைகள். பெரியவர் ஒருவர், அதுவும் பாதி ஸ்டோக்கினில். ராஃபேல் வேலியோரம் வந்து புஷ்பவள்ளியைக் கூப்பிட்டார்.

"அக்கா, இவங்களப் பாத்துக்க ஆளு யாரும் இல்லியா?"

"ஏன் இல்ல? போர்டு இருக்குல்ல."

"போர்டு பிள்ளையத் தூக்குமா அக்கா?"

புஷ்பவள்ளி இரக்கப்பட்டு, பிறந்தநாள் பாட்டுக்கு வைத்திருந்த மைக்கைக் கொண்டுவந்து வேலியில் மாட்டினார். ராஃபேல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விளையாடுற பிள்ளைங்களோட பெத்தவங்க தயவுசெஞ்சு வந்து பிள்ளைங்களப் பாத்துக்குங்க."

கூடத்தில் ஒரு தலை நிமிரவில்லை. மீன்தலைக் கறி அப்போதுதான் வந்திருந்தது. ஒவ்வொருவரும் அது அடுத்த மேசைக்கான அறிவிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். குமரவேல் ஒருவன்தான் கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தான். ராஃபேலின் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிக்காரன். அவன் மகன் சரணும் உள்ளேதான் இருந்தான்.

"என்னா கிராணியாரே, சனிக்கெழமையும் டியூட்டியா?"

"கிண்டல் பண்ணாத வேலு. எந்தப் பிள்ள யாருதுன்னே தெரியல. ஒருத்தன் பேரக் கேட்டா 'பாய்'ங்கிறான். இன்னொருத்தியும் பாப்பா, அவ பக்கத்துல உள்ளவளும் பாப்பா."

"லோரிய என்னா பண்ணுவீங்க? ஒரு நாளைக்கு எண்பது லோரி வருது. ஒண்ணு மாறுனது உண்டா?"

ராஃபேலின் முகம் மலர்ந்தது. பதினோரு வருஷமாக ஆலை வாசலில் எடை மேடைக் கிராணி அவர். லோரி உள்ளே வரும்போது நம்பர் எழுதி நேரம் போடுவார். வெளியே போகும்போது நம்பர் பார்த்து டிக் அடிப்பார். ஒரு குலை கூட மாறிப் போனதில்லை. இது ஏன் நமக்கு முதலிலேயே தோன்றவில்லை?

அலீசியாவின் பரிசுப் பொட்டலங்களில் பெயர் எழுத வைத்திருந்த மார்க்கர் பேனா கிடைத்தது. ராஃபேல் வேலிக் கதவில் உட்கார்ந்தார். பெற்றோரை மேசை மேசையாக விசாரித்தபடி குமரவேல் கூவினான்: "பிள்ளைய விட்டவங்க எல்லாம் காடி நம்பரச் சொல்லுங்க!"

பிள்ளையின் வயதைக் கேட்டால் யோசிப்பவர்கள், சொந்தக் காரின் நம்பரைக் கேட்டதும் பட்டென்று சொன்னார்கள். ராஃபேல் ஒவ்வொரு கையிலும் பட்டையாக எழுதி, பேப்பர் நாப்கினிலும் எழுதிக்கொண்டார். புள்ளிப் பாவாடைக்கு பி.கே.எஸ். 4127. சரணுக்குக் குமரவேலின் லோரி நம்பர், 7730.

"அப்பா, எனக்கு?" என்று ஜேடன் கையை நீட்டினான்.

"உனக்கு எதுக்குடா? நான்தான் இங்கயே இருக்கேன்ல. தள்ளு, வரிசை நிக்குது."

வரிசை மெய்யாகவே நின்றது. கையில் நம்பர் எழுதுகிறார்கள் என்ற செய்தி பரவி, சமர்த்தாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளும் இலையை விட்டு ஓடிவந்துவிட்டார்கள். பதினான்கு, இருபத்திரண்டு ஆனது. பெற்றோர்களுக்கு இன்னும் சந்தோஷம். நம்பர் போட்டு வாங்குகிற இடத்தில் பிள்ளையை விட்டால் அப்புறம் என்ன கவலை? இரண்டு பேர் ஐஸ்கிரீமுக்கு ஆர்டர் கொடுத்தார்கள்.

ஒன்றே முக்கால் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு புள்ளிப் பாவாடை வந்து ராஃபேலின் சட்டையை இழுத்தாள்.

"மாமா, ஒண்ணுக்கு."

ராஃபேல் கூடத்தை எட்டிப் பார்த்தார். பெண் பிள்ளை. அவர் கூட்டிக்கொண்டு போக முடியாது. இருபத்திரண்டு பேரை விட்டுவிட்டும் போக முடியாது. மார்க்கரைக் கீழே போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"பாப்பாவோட அம்மா சீக்கிரம் வாங்க!"

யாரும் அசையவில்லை. கூடத்தில் பாதிப் பேர் பாப்பாவின் அம்மாக்கள்தான்.

ராஃபேல் நாப்கினைப் பார்த்தார். ஆலையில் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டார்: "பி.கே.எஸ். 4127! பி.கே.எஸ். 4127! ஒடனே வரவும்!"

கூடமே நிமிர்ந்தது. திலகாவின் புருஷன் புவனேசன் வாயில் வைத்த அப்பளத்தோடு எழுந்தார். எழுந்தவர் மகளிடம் வரவில்லை. காடி நிறுத்திய இடத்துக்கு ஓடினார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மைக்கில் காடி நம்பர் வந்தால் ஒரே அர்த்தம்தான்: யாருக்கோ வழி மறிக்கிறது, அல்லது அபராதச் சீட்டோடு மாஜ்லிஸ் நகராட்சி ஆட்கள் வந்துவிட்டார்கள். நம் ஜனங்கள் தாலி கட்டுகிற நேரத்தில்கூட எழுந்து ஓடுவார்கள்.

இரண்டாவது நிமிஷம் வெளியேயிருந்து புவனேசனின் குரல் கேட்டது.

"ஐயோ! என் காடியக் காணோம்!"

அவ்வளவுதான். கூடத்தில் இருந்த அப்பாக்கள் அத்தனை பேரும், கையில் சோறும் பாக்கெட்டில் சாவியுமாக வெளியே பாய்ந்தார்கள். அப்பாக்கள் ஓடுவதைப் பார்த்து அம்மாக்களில் பாதிப் பேர் பின்னால் ஓடினார்கள். ஒருவர் பத்திரத்துக்காகத் தன் காடியை வாசலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். இன்னொருவர் அவர் விட்ட இடத்தில் நுழைந்தார். மூன்றாமவர் அந்த இருவருக்கும் குறுக்கே நின்றார். குமரவேல் வழிவிடலாம் என்று லோரியைப் பின்னெடுத்தான். அதோடு ஒரு காடியும் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் பூட்டிக்கொண்டது.

பத்து நிமிஷம் தேடினார்கள். ஒருவர் போலீசுக்குப் போன் போட்டு, "என்ன நிறம்?" வரை போய்விட்டார். அப்போதுதான் உள்ளேயிருந்து திலகா கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, நம்ம காடி போன வியாழக்கெழமையிலருந்து வோர்க்‌ஷாப்புல கெடக்குது. இன்னிக்கு என் தம்பி காடியிலதான வந்தோம்!"

"அப்ப எதுக்குடி கிராணிகிட்ட அந்த நம்பரச் சொன்ன?"

"நம்ம காடி நம்பர் என்னான்னு கேட்டாங்க. சொன்னேன். எதுல வந்தீங்கன்னு யாரு கேட்டா?"

இந்தப் பத்து நிமிஷத்தில் உள்ளே நடக்க வேண்டியது நடந்துவிட்டது. புள்ளிப் பாவாடை பாப்பாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அவள் நின்றிருந்த இடம் பந்துக் குளம்.

"எல்லாரும் வெளிய வாங்க! யாரும் பந்தத் தொடாதீங்க!" என்று ராஃபேல் கத்தினார். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வரும்போது ஆளுக்கு இரண்டு பந்தோடு வந்தார்கள்.

கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் ராஃபேலுக்கு உறைத்தது. இதுவரை வேலிக்குள் இருந்த இருபத்திரண்டும் இப்போது கடை முழுக்க. மேசைக்கு அடியில் ஆறு. அடுப்படி வாசலில் மூன்று. கேக்கைச் சுற்றி, அலீசியாவையும் சேர்த்து, ஐந்து. புஷ்பவள்ளி கல்லாவின் மேல் ஏறி நின்று, "வெந்நி வருது, வெந்நி வருது!" என்று கூவிக்கொண்டிருந்தார். வெந்நீர் எதுவும் வரவில்லை. ஆனால் அந்தக் கூவலுக்குப் பயந்துதான் பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

ராஃபேல் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். இனிமேல் ஒருவரும் நம்பர் பார்க்காமல் வெளியே போக முடியாது.

வெளியே நெரிசல் தீர்ந்து பெற்றோர்கள் திரும்பத் தொடங்கினார்கள். களைத்துப் போயிருந்தார்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. ஒவ்வொருவராக, காடி நம்பர் பொறித்த சாவி வளையத்தைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். சாவியைப் பார், கையைப் பார், டிக். சாவியைப் பார், கையைப் பார், டிக். பாதிக் கேக்கை அப்படியே விட்டுவிட்டு அலீசியா வீட்டாரும் கிளம்பினார்கள். டிக். குரங்கு பார்க்கப் போனவர்கள்கூட வந்துவிட்டார்கள். ஒரு குரங்கு அவர்களுடைய தப்பாவைப் பறித்துக்கொண்டதாம். டிக்.

புவனேசன் வந்தார்.

"சாவி?" என்றார் ராஃபேல்.

புவனேசன் மைத்துனரின் காடிச் சாவியைக் காட்டினார்.

"இது 4127 இல்லியே."

"ஐயா, அதான் வோர்க்‌ஷாப்புல இருக்குன்னு இப்ப ஊருக்கே தெரியுமே! அது என் மக!"

"இருக்கலாம். நம்பர் ஒத்துப்போகல."

"அப்பான்னு கூப்புடுறா, காதுல விழல?"

"லோரிக்காரங்களும் 'எங்க தோட்டத்துக் குலைதான்'னுதான் சொல்றாங்க. நம்பர் இல்லாம நான் எறக்க விடறதில்ல."

திலகா வந்து, புவனேசன் தன் வீட்டுக்காரர்தான் என்று நாப்கினில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே பாப்பா விடுதலை ஆனாள். "என் கல்யாணத்துலகூட இவ்வளவு விசாரிக்கல" என்று புவனேசன் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அடுத்து குமரவேல், போனைக் காதில் வைத்துக்கொண்டு. அவன் சட்டையைப் பிடித்தபடி இரண்டு பிள்ளைகள். ராஃபேல் இரண்டு கைகளையும் பார்த்தார். இரண்டிலும் 7730. டிக்.

இருபத்திரண்டு நம்பர், இருபத்திரண்டு டிக். மணி இரண்டு இருபத்தைந்து. ராஃபேல் நாப்கினை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு எழுந்தார். பதினோரு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு திருப்தியை அவர் கண்டதில்லை. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"வா ஜேடன், நாம கேக்கு சாப்புடுவோம்" என்று திரும்பினார்.

கூடம் காலியாக இருந்தது.

"ஜேடன்?"

மேசைக்கு அடியில் பார்த்தார். இல்லை. வலைக் கூண்டில் இல்லை. அடுப்படியில் இல்லை. கழிவறையில் இல்லை. நாப்கினை எடுத்துப் பார்த்தார். நாப்கினில் ஜேடன் எங்கே இருப்பான்? அவனுக்குத்தான் நம்பரே போடவில்லையே.

"அக்கா! என் பையனப் பாத்தீங்களா?"

"நீங்கதான தம்பி வாசல்ல ஒக்காந்திருந்தீங்க? ஒங்களத் தாண்டி யாரு போனா?"

ராஃபேல் வாசல் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அவர் பந்துக் குளத்துக்குள் குதித்தார். அங்கே என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் குதித்தார். முழங்கால் போட்டுப் பந்துகளைக் கையால் வாரி வாரி எறிந்தார். முயல் காது ஒன்று கழன்று பந்துகளோடு பந்தாகப் போனது. "ஜேடன்! ஜேடன்!" என்ற குரலில் இப்போது கிராணி இல்லை. அதைக் கேட்டுப் புஷ்பவள்ளி கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தானும் பந்துக்குள் இறங்கினார். தாம் எழுதிய போர்டைத் தாமே தாண்டி அவர் உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை.

"அப்பா பந்து வெளையாடறாங்க!" என்று ஒரு குரல் கேட்டது.

வேலிக்கு வெளியே மவுரீன், தாதி உடுப்போடு நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜேடன். பின்னால் அவள் வார்டில் வேலை செய்யும் துளசி. அதற்கும் பின்னால் குமரவேலும் சரணும்.

"லோரியில ஒக்காந்து ஹோர்ன் அடிச்சிக்கிட்டிருந்தான்" என்றாள் மவுரீன்.

ராஃபேல் ஜேடனின் கையைப் பார்த்தார். கோணல் மாணலாக, 3 மட்டும் தலைகீழாகக் கிடக்க, 7730. கீழே போட்டுவிட்டுப் போன மார்க்கரால் சரண் எழுதியது.

"அப்பா எனக்குப் போடலல்ல. அதான் சரண் அவன் நம்பரக் குடுத்தான்" என்றான் ஜேடன்.

குமரவேல் கையை விரித்தான். "கூட்டாளிக்கு லோரி காட்டணும்னு சரண் சொன்னான். நீங்களே கையப் பாத்து, டிக் அடிச்சு அனுப்புனீங்க கிராணியாரே! அப்பனே அனுப்பிட்டாரு, நான் என்னா கேக்கறது?"

ராஃபேல் பந்துக் குளத்திலிருந்து எழுந்து வந்தார். மவுரீன் குனிந்து ஜேடனின் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். வீக்கம் இல்லை. முழங்காலைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அந்த இடத்தில் ராஃபேல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீக்கம் இல்லை என்றால் இல்லைதானே. நாங்களாக இருந்தால் மூடிக்கொண்டுதான் இருப்போம்.

"மேட்ரனுக்கு வரலன்னு அடிச்சிரு மவுரீன்" என்றார். "நான் கையப் பாத்தேன். மொகத்தப் பாக்கல. பெத்த பிள்ள என் கண்ணு முன்னாலயே போயிருக்கான், தெரியல. தப்பு என்னுதுதான்."

புஷ்பவள்ளிக்குப் பொறுக்கவில்லை. "அப்பிடிச் சொல்லாதீங்க தம்பி. தாதியம்மா, ஒங்க வீட்டுக்காரரு இன்னிக்கு இருவத்திரெண்டு பிள்ளைங்களப் பாத்தாரு. ஒண்ணுக்கு ஒரு கீறல் இல்ல. பெத்தவங்க எல்லாம் தின்னுக்கிட்டு இருந்தாங்க. நானும் போர்டக் காட்டிக்கிட்டே இருந்துட்டேன்."

"நானுந்தான் தின்னுக்கிட்டிருந்தேன்" என்றான் குமரவேல் தலையைச் சொறிந்துகொண்டு. "அடுத்த சனிக்கெழம நான் உள்ள இருக்கேன் கிராணியாரே, நீங்க சாப்புடுங்க. அதுக்கடுத்த வாரம் அந்தப் புவனேசன ஒக்கார வைப்போம். ஆளுக்கு ஒரு அரை மணி நேரம். செத்தா போயிருவோம்?"

"பெரிய சைசு ஸ்டோக்கின் நான் வாங்கிப் போடறேன்" என்றார் புஷ்பவள்ளி. சொன்ன கையோடு வேலிக்குப் போய், போர்டின் கீழ்ப்பாதியைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கத் தொடங்கினார். நல்ல பெயின்ட். "பெரியவர்கள்" மட்டும்தான் லேசாக அழிந்தது.

மவுரீன் இன்னும் ராஃபேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடியில் ஒரு மஞ்சள் பந்துத் துண்டு. ஒரு காலில் முயல், ஒரு காலில் வெறும் பாதம்.

"மூணு தடவ நெத்தி வீங்குனப்ப என்னா சொன்னீங்க?"

"தானா விழுந்துச்சுன்னேன்."

"இன்னிக்கு?"

"நான் பாக்கலன்னேன்."

"அதான்" என்றாள் மவுரீன். அவள் உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "பிள்ள தானா விழாதுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சுல்ல. அது போதும். இனிமே நான் இல்லாட்டியும் பாத்துக்குவீங்க."

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். ஒரு பெரிய முடிவு எடுக்கிறவளைப்போல மூச்சை இழுத்துவிட்டாள்.

"சரி. மேட்ரனுக்கு 'வர்றேன்'னு அடிச்சிடறேன்."

ராஃபேலுக்குக் கண் கலங்கிவிட்டது. குமரவேல் கை தட்டினான். ஜேடன் எதற்கென்று தெரியாமலே தானும் தட்டினான். புஷ்பவள்ளி கேக் வெட்டிக்கொண்டு வர ஓடினார். பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் தன் உழைப்பால் மனைவிக்கு ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று ராஃபேல் நெஞ்சு நிமிர்ந்து நின்றார்.

துளசி மட்டும் ஒன்றும் புரியாமல் மவுரீனைப் பார்த்தாள்.

"என்னாக்கா, இப்பத்தான் 'வர்றேன்'னு அடிக்கிறீங்களா? முந்தாநாளே ஒங்க பெட்டிய என் காடிக்குப் பின்னால பூட்டுல ஏத்திட்டு, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கெல்லாம் கெளம்பணும்னு சொன்னீங்களே!"